வன்னி வீடுகளின் உட்சுவர்: அலங்காரமும் நிலைபேறும்

ஈழத்துத் தமிழரின் கலை வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கோயிலையும் கூத்தையும் இலக்கியத்தையும் மையமாகக் கொண்டே நிகழ்ந்து வந்துள்ளன. ஓவியம் பற்றிப் பேசப்படும்போதும் பெயர்பெற்ற ஓவியர்களின் ஆக்கங்களும் ஆலயச் சித்திரங்களுமே கவனம் பெறுகின்றன. சாதாரண மக்கள் தாம் உறங்கி எழும் அறையின் சுவரில் எதனை மாட்டுகின்றனர், எதனை ஒட்டுகின்றனர், எதனை மாட்டாது விடுகின்றனர் என்னும் வினாக்கள் ஆய்வுக்குரியனவாக அரிதாகவே கொள்ளப்பட்டன. அலங்காரம் வசதி படைத்தோரின் விருப்பம் என்ற எண்ணமும், கலண்டர்ப் படம் கலையாகாது என்ற எண்ணமும் இதற்குக் காரணங்களாகலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்து வீடுகளின் உட்சுவரை, சிறப்பாக உறங்கும் அறையின் சுவரை, இக்கட்டுரையில் நோக்குவோம். சுவரை அலங்கரிப்பதற்கு இரசனை மாத்திரம் போதாது. அச்சுவர் நாளையும் தனக்குரியதாக இருக்கும் என்னும் உறுதி முதற்கண் வேண்டும் என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க முனையும் கருத்தாகும். அவ்வுறுதி வன்னி மக்களுக்கு எவ்வாறு கிட்டியது, எவ்வாறு பறிபோயிற்று, இன்று எந்நிலையில் உள்ளது என்பவற்றை அவர்தம் சுவர்களிற் படிக்க முடியும்.

நெடுநல்வாடையின் பள்ளியறை

தமிழிலக்கியத்தில் உறங்கும் அறையின் சுவர் பற்றிய விரிவான வருணனையைப் பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையிற் காண்கிறோம். வெள்ளி போன்று விளங்கும் சுதை பூசிய மாளிகை. செம்பினால் இயற்றியது போன்று திண்ணிதாகச் செய்யப்பட்ட நெடுஞ்சுவர். அச்சுவரிலே பல பூக்களையுடைய கொடியொன்று வளைந்து செல்லுமாறு எழுதப்பட்ட ஓவியம் என நக்கீரர் அரசியின் பள்ளியறையை விவரிக்கின்றார். கட்டிலுக்கு மேலே கட்டிய, மெழுகு பூசிய விதானத் துணியிலே திங்களோடு பிரியாதிருக்கும் உரோகிணியின் உருவம் எழுதப்பட்டிருந்தது. போர்மேற் சென்ற கணவனைப் பிரிந்த அரசி, அவ்வோவியத்தை நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். அதே இரவில் அரசன் பாசறையிலே புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறிக்கொண்டிருக்கின்றான்.

இப்பகுதியிலிருந்து இரண்டு செய்திகளை நாம் பெறலாம். முதலாவது, சுவரோவியம் வளமனைக்குரியதாயிருந்தது என்பது. சுதையும் செம்மையான சுவரும் ஓவிய வினைஞரும் அரண்மனைக்கே வாய்த்தனர். இரண்டாவது, பள்ளியறையின் ஓவியம் அழகுக்காக மட்டும் நோக்கப்படவில்லை என்பது. அருகில் இல்லாத ஒருவரை எண்ணுவதற்குரிய பற்றுக்கோடாகவும் அது பயன்பட்டது. முதலாவது செய்தியைப் பொறுத்தவரை, நெடுநல்வாடையின் மாளிகைக்கும் வன்னியின் மண்வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. இரண்டாவதைப் பொறுத்தவரை அத்தூரம் அத்துணை பெரிதன்று என்பதைப் பின்னர் காண்போம்.

மண்சுவரும் அனுமதிப்பத்திரமும்

வன்னியின் பழைய குடியானவர் வீட்டிற் 'படுக்கையறை' எனத் தனியே ஒன்று இருந்ததாகக் கூற முடியாது. இருந்த ஓர் அறை நெல் மூட்டைகளுக்கும் பெட்டகத்துக்கும் உடுபுடைவைகளுக்கும் உரியதாயிருந்தது. பெண்கள் உடை மாற்றுவதும் பிள்ளை பெறுவதும் அங்கேதான். ஆண்கள் திண்ணையிலோ முற்றத்திலோ பாய் விரித்தனர். காவற்காலத்தில் வயலிலுள்ள பரணே படுக்கையாயிற்று. உறக்கத்துக்கென ஓர் அறையை ஒதுக்குவது, நெல்லை வீட்டுக்கு வெளியே வைக்கத்தக்க கொம்பறையோ, மேலுமோர் அறையைக் கட்டத்தக்க வருவாயோ வந்த பின்னரே இயல்வதாயிற்று.

சுவரும் அவ்வாறே. கம்பு நட்டு, வரிச்சுப் பிடித்து, குழைத்த களிமண்ணை அடைத்து எழுப்பிய சுவர் ஒவ்வொரு மாரியிலும் கரைந்து, ஒவ்வொரு கோடையிலும் வெடிப்பது. ஆண்டுதோறும் அதற்கு மண் அப்பி, சாணமும் புற்றுமண்ணும் கலந்து மெழுகும் வேலை பெண்களுடையது. தைப்பொங்கலை ஒட்டிச் சுவர்கள் புதுக்கப்பட்டன. வசதி கிடைத்தபோது சுண்ணாம்பு அடிக்கப்பட்டது; சலவை நீலம் சிறிது சேர்த்தால் வெளிர்நீலச் சுவர் கிடைத்தது. மெழுகும் கையின் விரல்கள் ஈர மண்ணில் விட்டுச்சென்ற வளைகோடுகளே பல வீடுகளின் முதல் அலங்காரம். அதனைச் செய்தவர் அதனைக் கலை எனப் பெயரிடவில்லை. அடுத்த மாரியோடு அது மறைந்துவிடும் என்பதையும் அறிந்திருந்தனர்.

இவ்விடத்தில் நிலவுடைமையின் வரலாற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய தம் கைந்நூலை வெளியிட்ட காலத்தில், இப்பிரதேசம் காய்ச்சலாலும் நீர்ப்பற்றாக்குறையாலும் குடித்தொகை குன்றியதாயிருந்தது. இரணைமடுக் குளத்தின் கட்டுமானமும், 1930களிற் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றமும், 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா தணிந்தமையும், 1950களில் விரிவடைந்த வவுனிக்குளம் போன்ற திட்டங்களுமே புதிய குடிகளை இங்கு கொணர்ந்தன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காணிக்கு அனுமதிப்பத்திரமே ஆதாரம். அதனை விருப்பம்போல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. பின்னுரித்தாளி நியமிக்கப்படாதவிடத்து மகளைவிட மகனை முற்படுத்திய வாரிசு ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே மாற்றம் பெற்றது. ஆண்டுதோறும் சுவரை மெழுகியவள் ஒருத்தியாகவும் சுவரின் உரித்து வேறொருவருடையதாகவும் இருந்தமை அலங்காரம் பற்றிய ஆய்வில் மறக்கத்தக்கதன்று.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. வடபுலத்து விவசாயிகளிற் பலர் கல்வீடு கட்டியது இக்காலத்திலேயே. சீமெந்து பூசிய வெண்சுவர் வன்னியின் உட்கிராமங்களுக்கும் பரவத் தொடங்கியது. படம் மாட்டுவதற்குரிய சுவர் இவ்வாறு மிளகாய்த் தோட்டத்திலிருந்து பிறந்தது எனலாம். 1977இற்குப் பிந்திய திறந்த இறக்குமதிக் கொள்கையினால் விலைகள் வீழ்ந்தபோது, கட்டத் தொடங்கிய பல வீடுகள் பூச்சின்றி நின்றன.

படம் வந்த வழி

சுவருக்கு வந்த படங்களின் வரலாறும் பொருளாதார வரலாறே. இரவிவர்மாவின் அச்சகம் 1894இற் பம்பாயிற் தொடங்கப்பட்டதன் பின்னர், அதுவரை அரண்மனைக்கும் செல்வர் இல்லத்துக்கும் உரியதாயிருந்த வண்ணத் தெய்வப்படம் மலிவான அச்சுப்பிரதியாகப் பரவலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்விடத்தைச் சிவகாசி அச்சகங்கள் பெற்றன. நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதிப் பழகிய கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) அவர்களும் அவருடைய மாணாக்கரும் எழுதிய இலக்குமி, சரசுவதி, முருகன் உருவங்கள் கலண்டர்களாகித் தமிழ் பேசும் மக்கள் வாழும் இடமெங்கும் சென்றன. கருவறையை அணுக உரிமை மறுக்கப்பட்ட சாதியினரின் குடிசைக்குள்ளும் அதே தெய்வம் அதே வண்ணத்தோடு நுழைந்தது. அச்சுப்படத்தின் கலைத்தரத்தைக் குறைகூறுவோர் அதன் இச்சமூகப் பயனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

கலண்டர் பெரும்பாலும் விலைகொடுத்து வாங்கப்படுவதன்று. நெல் வாங்கும் வியாபாரியும், உரம் விற்கும் கடைக்காரரும், நகை அடகு பிடிப்பவரும் ஆண்டுப் பிறப்பில் வாடிக்கையாளருக்குக் கொடுப்பது அது. தெய்வத்தின் திருவடிக்குக் கீழே கடன் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் இருந்தன. ஆண்டு முடிந்ததும் திகதித்தாள் கிழிக்கப்பட்டுப் படம் மட்டும் சுவரில் தங்கியது. விளம்பரத்தை வெட்டி நீக்கிவிட்டுப் படத்தைச் சட்டகத்துள் இடும் வழக்கமும் பரவலாயிற்று. வியாபாரப் பொருளைத் தமதாக்கிக்கொள்ளும் மக்களின் சிறியதொரு செயல் இது.

மலையகத்திலிருந்து வந்தோர் மற்றொரு பழக்கத்தைக் கொணர்ந்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயன் காம்பராவிற் கசிவையும் உதிர்வையும் மறைக்கப் பத்திரிகைத் தாள்களைப் பசை தடவி ஒட்டுதல் அவர்களது வழமை. 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களாலும், 1970களின் தோட்டப்புறப் பஞ்சத்தாலும் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு வந்து கூலிகளாகவும் காடுவெட்டிக் குடியேறியோராகவும் வாழ்ந்த அக்குடும்பங்களின் மண்சுவர்களிலும் பத்திரிகைத் தாள் ஏறியது. மண் பாயில் உதிராதிருக்க ஒட்டப்பட்ட தாளிலே சினிமா நடிகர் முகமும் தேர்தற் செய்தியும் மரண அறிவித்தலும் ஒருங்கே இருந்தன. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளைக்குச் சுவரே வாசிப்பு நூலாயிற்று. தேவைக்கும் அலங்காரத்துக்கும் இடையே வரையப்படும் கோடு எவ்வளவு செயற்கையானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எது எந்தச் சுவரில்

வன்னி வீட்டின் சுவர்களிற் படங்கள் தோன்றியவாறு மாட்டப்படுவதில்லை. அவற்றுக்கு ஓர் ஒழுங்குண்டு. வருவோர் காணும் விறாந்தையிலும் முன்னறையிலும் சுவாமிப் படம், திருமணப் படம், பட்டமளிப்புப் படம், இறந்த பெற்றோரின் மாலையிட்ட படம் என்பன இடம்பெறும். கத்தோலிக்கர் இல்லங்களில் இயேசுவின் திரு இருதயப் படமும் மடு மாதாவின் படமும் அவ்விடத்தைப் பெறும். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம் இல்லங்களிற் கஃபாவின் படமும் திருமறை வசனமும் அவ்விடத்தில் இருந்தன. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அச்சுவர்களும் உரிமையாளரை இழந்தன. வன்னிச் சுவரின் வரலாற்றை எழுதுவோர் தமிழரின் இழப்பை மட்டும் எழுதி அதனைவிட்டுச் செல்லலாகாது.

உள்ளறைச் சுவர் வேறு இயல்பினது. முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் விளிம்பில் ஒட்டிவைக்கப்பட்ட ஒட்டுப்பொட்டுகள், பள்ளி நேரசூசி, பிள்ளை கரியால் எழுதிய வீடும் தென்னையும், வார இதழிலிருந்து வெட்டிய நடிகை, உயரம் குறித்த கோடுகள். முன்சுவர் குடும்பம் ஊருக்குத் தன்னைக் காட்டும் இடம் எனின், உட்சுவர் குடும்பத்தினுள் தனித்தனி மனிதர் தமக்கென எடுத்துக்கொண்ட இடமாகும். தனியறை இல்லாத வீட்டில் ஓர் இளம்பெண்ணுக்குரிய தனிமை, கண்ணாடியைச் சுற்றியுள்ள இரண்டு முழச் சுவரே.

உள்ளறைக்கே சிறப்பாக உரிய படமொன்றும் உண்டு. புதிதாக மணம் முடித்தோரின் அறையில், கருவுற்றவள் கண்விழிக்குமிடத்தில், கொழுகொழுவென்ற குழந்தையின் படம் மாட்டப்படுகிறது. பார்க்கும் முகம் போலப் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. அக்குழந்தை ஏறக்குறைய எப்போதும் வெண்ணிறத்தது; பல வேளைகளில் ஐரோப்பியக் குழந்தை. வெயிலில் நாற்று நடுபவளின் கண்முன் வெள்ளைத் தோலை அழகின் அளவாக நிறுத்தும் இப்படத்தை நாம் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆயினும் மருத்துவமனை தொலைவிலுள்ள ஊரில், பிள்ளை நலமாகப் பிறக்கவேண்டும் என்ற ஏக்கமும் அதிற் கலந்துள்ளது. சந்தை அவ்வேக்கத்துக்குத் தன் உருவத்தைக் கொடுத்துள்ளது.

சுவரற்ற காலம்

1990 முதல் வன்னிக்குள் சீமெந்து செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. கையிற் பணமிருந்தோரும் மண்ணுக்கும் கிடுகுக்கும் திரும்பினர். 1995 ஒக்ரோபர் இறுதியிற் தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வில் இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்து மரங்களின் கீழும் பாடசாலைகளிலும் தங்கினர். கிளிநொச்சி நகரம் 1996 செப்டெம்பரிலும் 1998 செப்டெம்பரிலும் கைமாறியது. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தின் பின்னர் மீளக் கட்டிய வீடுகளிற் கரையோரத்தவை 2004 டிசெம்பர் 26இற் கடற்கோளால் அழிந்தன. 2008இன் நடுப்பகுதி முதல் 2009 மே வரை, மேற்கே மன்னார்ப் பக்கமிருந்து கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை, ஒரே குடும்பம் பன்முறை வீடு பெயர்த்தது.

இப்பெயர்வுகளில் மக்கள் கூரைத் தகரத்தையும் கதவையும் ஜன்னல் நிலையையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்றனர் என்பது யாவரும் அறிந்தது. சுவரை மட்டும் ஏற்ற முடியவில்லை. சட்டகமும் கண்ணாடியும் சுமையாதலின் அவை கழற்றி எறியப்பட்டு, படம் மட்டும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம் என்பவற்றோடு பொலித்தீன் பையினுட் சென்றது. படம் அலங்காரம் என்ற நிலையிலிருந்து ஆவணம் என்ற நிலைக்கு மாறியது இவ்விடத்திலேதான். வீட்டின் சுவரில் தெய்வமும் நடிகரும் பெற்றோரும் ஒன்றாக இருந்தனர். பைக்குள் எவருக்கு இடமுண்டு என்பதைச் சில நிமிடங்களில் தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

படமே ஆபத்தாகிய நிலையும் வந்தது. விடுதலைப் புலிகளின் ஆட்சிக்காலத்தில் போரில் இறந்த பிள்ளையின் சீருடைப் படம் முன்சுவரில் இருந்தது. தாமே சென்றோரின் படமும், போரின் இறுதி ஆண்டுகளிற் பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் படமும் ஒரேவகைச் சட்டகத்துள் இருந்தன. அவ்வேறுபாட்டைப் பெற்றோர் அறிவர், சுவர் சொல்லாது. 2009இல் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குட் செல்லுமுன் இத்தகைய படங்களைப் பலர் எரித்தனர், சிலர் புதைத்தனர். பின்னர் துயிலுமில்லங்களின் கல்லறைகளும் இடித்தழிக்கப்பட்டன. கிளிநொச்சி கனகபுரத்தில் மக்கள் மீண்டும் வெளிப்படையாகக் கூடி விளக்கேற்றியது 2016 நவம்பரிலேயே. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்லறையுமின்றிப் படமுமின்றி நினைவு வாழ நேர்ந்தது.

செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிற் தறப்பாளே சுவர். அது காற்றில் அசைவது, ஆணி ஏற்காதது. தடியிற் கட்டித் தொங்கவிட்ட சிறு சுவாமிப் படமே அங்கு கண்ட அலங்காரம். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரை பிறந்த குழந்தைகள் சிலருக்குச் சுவர் என்பதன் முதற்பொருள் தறப்பாளாயிருந்தது.

பூசப்படாத சுவர்

இந்திய அரசின் உதவியுடனான ஐம்பதினாயிரம் வீட்டுத்திட்டம் 2012 முதல் வன்னியில் விரிவாக நடைமுறைப்படுத்தப்பட்டது. வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளில் வழங்கப்பட, பயனாளியே தம் வீட்டைக் கட்டுவித்தார். இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி என்பது பொதுவான அமைப்பு. பல குடும்பங்களுக்குத் தலைமுறையில் முதன்முறையாகக் கதவுள்ள படுக்கையறை இத்திட்டத்தினாலேயே கிடைத்தது. இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின் கட்டுமானப் பொருள்களின் விலையேற்றத்தினால் உதவித்தொகை கூரையோடு தீர்ந்த வீடுகள் பல. தாலியை அடகுவைத்தும் கடன்பட்டும் சுவரை எழுப்பியவருக்குப் பூச்சு எட்டாப் பொருளாயிற்று.

பூசப்படாத சீமெந்துக் கல்லில் ஒட்டுத்தாள் நில்லாது. சாதாரண ஆணி அடித்தாற் கல் சிதறும். எனவே படங்கள் ஜன்னற் கட்டிற் சாய்த்து வைக்கப்படுகின்றன. அல்லது கூரைச் சிலாகையிற் கயிறு கட்டித் தொங்கவிடப்படுகின்றன. வீடு கிடைத்தும் படம் இன்னும் பெயர்வதற்கு ஆயத்தமாகவே இருப்பது போன்ற தோற்றம். பூசி வண்ணமடித்த வீடுகளில் நீர்வீழ்ச்சிக் காட்சி, பிளாஸ்ரிக் பூங்கொத்து, பட்டாம்பூச்சி ஒட்டுப்படம், வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய சுவர்க் கடிகாரம் என்பன காணப்படுகின்றன. வெளிநாட்டுப் பணம் வரும் வீடும் வராத வீடும் பக்கத்துப் பக்கத்திலே ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்டிருப்பினும், உட்சுவரை நோக்கிய மாத்திரத்தில் இரண்டும் வேறுபடும். கலண்டர் வழங்குவோரும் மாறியுள்ளனர். நெல் வியாபாரியின் இடத்தில் இன்று குத்தகைக் கம்பனியும் நுண்கடன் நிறுவனமும் உள்ளன. தவணை கட்டும் நாள் பேனையால் வட்டமிடப்பட்டிருக்கும் கலண்டர், அறைக்குள் தொங்கும் கணக்கேடாகவும் பயன்படுகின்றது.

மாலையிடப்படாத படம்

இவ்வீடுகளிற் புதுவகைப் படமொன்று காணப்படுகின்றது. முழுப்படமும் அழிந்த நிலையில், அடையாள அட்டையிலோ பாடசாலைப் பதிவிலோ எஞ்சிய தபால்தலை அளவான முகத்தை ஒளிப்படக் கடையிற் கொடுத்துப் பெருப்பிக்கின்றனர். கணினியில் அம்முகத்துக்குப் புதுச் சட்டையும் பின்னணிப் பூந்தோட்டமும் சேர்க்கப்படுகின்றன. சிலவேளை இன்றுள்ள குடும்பத்தினரின் நடுவே அவர் நிறுத்தப்படுகின்றார். நிகழாத ஒரு நாளின் படம் அது. அழகியல் நோக்கில் ஒளி பொருந்தாமையும் விளிம்பு பிசகுவதும் தெரியும். அதனைப் பொய்ப்படம் என ஒதுக்குபவர், அழிக்கப்பட்ட படத்தின் இடத்தை நிரப்பும் வேலையை அது செய்கிறது என்பதைக் காணத் தவறுகின்றார்.

தமிழர் இல்லத்தில் இறந்தோரின் படத்துக்கு மாலையிடுவதும், பொட்டிடுவதும், முன்னே விளக்கேற்றுவதும் வழமை. மாலை ஓர் அறிவித்தல். இவர் இல்லை என்பதைக் குடும்பம் ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சுவர் தரும் சான்று. காணாமலாக்கப்பட்டோரின் படத்துக்கோ மாலை இடப்படுவதில்லை. 2009 மேயில் கையளித்த மகனின், கணவனின் படம் மாலையின்றி இருக்கிறது. மனைவி பொட்டைக் களைவதில்லை. முன்சுவரில், இறந்த பெற்றோரின் வரிசையில், அப்படத்தை மாட்டத் தயங்கி உள்ளறையில், தாம் படுத்தெழும் இடத்திலே வைத்திருக்கும் தாய்மாரும் உளர். உறங்கும் அறையின் சுவர் நெடுநல்வாடையில் நாம் கண்ட பொருளை இங்கு மீண்டும் பெறுகின்றது. ஆயின் அரசி காத்திருந்த பாசறை எங்குள்ளது என்பது தெரிந்திருந்தது.

அப்படம் சுவரிலிருந்து வீதிக்கும் வந்துள்ளது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலும், அதனைத் தொடர்ந்து வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களில் தாய்மார் ஏந்தியவை வீட்டுச் சுவர்ப் படங்களே. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டனர். மரணச் சான்றிதழுக்கு மாற்றாகக் காணாமற்போனமையைக் குறிக்கும் சான்றிதழ் பெறவும் 2016இல் வழிசெய்யப்பட்டது. எனினும் உண்மை கூறப்படாமற் சான்றிதழும் இழப்பீடும் ஏற்பதற்கில்லை என்பதே போராடும் தாய்மாரின் நிலைப்பாடு. மாலையைக் குறித்து அவர்கள் கொண்டுள்ள நிலைப்பாடும் அதுவே. சட்டமொழியில் அவர்கள் மறுப்பதை வீட்டுச் சுவரிலும் மறுக்கின்றனர். இதனைத் தனிப்பட்ட துயரின் அடையாளமாக மட்டும் கொள்வோர் அதன் அரசியற் பொருளைத் தவறவிடுவர்.

ஆய்வாளர் செய்யத்தக்கது

உட்சுவர் வெளியார் கண்ணுக்குத் தெரியவருவது பெரும்பாலும் பேரழிவினாலேயே என்பதற்கு அயல்நாட்டுச் சான்றொன்றுண்டு. பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் மணமக்களின் அறைச்சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் எழுதும் மரபு நெடுங்காலத்தது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் சுவர்கள் இடிந்து உள்ளறைகள் வெளித்தெரிந்தபோதே, அங்கு அதிகாரியாயிருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் அவ்வோவியங்களைக் கண்டார். 1949இல் 'மார்க்' இதழில் அவைபற்றி எழுதினார். 1960களின் நடுப்பகுதியில் ஏற்பட்ட வறட்சியின்போது, அகில இந்தியக் கைவினைச் சபை அப்பெண்களுக்குத் தாளைக் கொடுத்து வரையச் செய்தது. வருவாய் கிடைத்தது; பெண்கள் தம் பெயரால் அறியப்பட்டனர். எனினும் அறைக்குரிய மங்கலப்பொருள் சந்தைப்பொருளாயிற்று. நன்மையும் இழப்பும் கலந்த இவ்வனுபவம் நமக்குப் பாடமாகும்.

வன்னியின் உட்சுவரைப் போர் திறந்துகாட்டியது. அதனைக் காட்சிப்பொருளாக்காமற் கற்பது எவ்வாறு என்பதே நம்முன் உள்ள வினா. ஜோன் பெர்ஜர் 1972இல் வெளியிட்ட 'பார்க்கும் முறைகள்' பற்றிய நூலில், மக்கள் தம் அறைகளிற் கடிதமும் படமும் பத்திரிகைத் துண்டும் குத்திவைக்கும் பலகைகள் அருங்காட்சியகங்களின் இடத்தைப் பெறத்தக்கவை என்னும் கருத்தை முன்வைத்தார். அங்குள்ள எல்லாப் படமும் அவ்வறையில் வாழ்பவரின் அனுபவத்தோடு ஒரே தரத்தில் உறவு கொண்டவை என்பது அவர் வாதம். ஈழத்தில் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆக்கத்தில், இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. அத்தொகுப்பு வீட்டின் அறைகளை மீட்டது. அறையின் சுவர்களை மீட்கும் வேலை எஞ்சியுள்ளது.

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. இவ்விரண்டிலும் பயிலும் மாணவருட் பலர் இவ்வீடுகளின் பிள்ளைகளே. தத்தம் கிராமத்தில், வீட்டாரின் இசைவோடு, நான்கு வினாக்களை முன்வைத்துப் பதிவு செய்தல் பெரும் பொருட்செலவின்றி இயலும்: இச்சுவரில் உள்ளது எது? அது எவ்வழி வந்தது? மாட்டியவர் யார்? இங்கு முன்பு இருந்து இன்று இல்லாதது எது? நான்காவது வினாவுக்கு மறுமொழி கூற விரும்பாதோரை வற்புறுத்தலாகாது. காணாமலாக்கப்பட்டோரின் படத்தைப் பிரதியெடுப்பதா, எங்கு வைப்பது, யார் பார்க்கலாம் என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை குடும்பத்தினருடையது. அலங்காரப் பொருள்களைச் சேகரித்து எடுத்துச் செல்லுதல் எக்காரணத்தாலும் வேண்டா. அவை இருக்குமிடம் சுவரே.

இவ்வாய்வோடு ஒரு கோரிக்கையும் இணைய வேண்டும். வீட்டுத்திட்டங்களைக் கூரையோடு நிறைவுற்றதாகக் கணக்கெடுக்கும் வழக்கம் மாறவேண்டும். பூச்சும் வண்ணமும் ஆடம்பரம் எனக் கருதப்படும் வரையில், பயனாளி தலைக்குமேற் கூரை பெற்றவராக மட்டுமே எண்ணப்படுவார். காணி அனுமதிப்பத்திரம் பெண்ணின் பெயரிலும் இருத்தல், கடன் சுமையின்றிச் சுவர் பூசப்படுதல், பிடித்துவைக்கப்பட்ட காணிகள் உரியவரிடம் மீளுதல் என்பன யாவும் அலங்காரத்துக்குப் புறம்பான விடயங்கள் போலத் தோன்றும். வன்னியில் ஒருவர் தம் அறையிலே துணிந்து ஓர் ஆணி அடிப்பதற்கு இவையே முன்நிபந்தனைகள்.